பூடில் நாயின் மானத்தைக் காக்கப் புறப்பட்ட பெண்மணி

நாய் மனிதனைக் கடித்தால் அது செய்தியல்ல, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்று பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே எமக்குச் சொல்லித் தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். மனிதன் நாயைக் கடித்த செய்தி ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால், மனிதன் சொன்னதை நாய் கேட்டதற்காகப் புள்ளி போட்டுப் பட்டம் வழங்கிய செய்திகள் வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் வழியாக அவ்வப்போது வந்ததுண்டு. அவற்றையெல்லாம் இடமில்லை என்று ஒதுக்கியவன் நான். போர்க்காலப் பத்திரிகையில் பூடில் நாய்க்கு எங்கே இடம்?

அண்மையில் அமெரிக்காவின் நியூஜேர்சியில் வசிக்கும் பால்ய நண்பன் ஒருவன் தொலைபேசியில் வந்தான். ஊர்ப் புதினங்கள் எல்லாம் பேசி முடிந்தபின், "மகள் நாயைக் கொண்டு சோதினைக்குப் போறாள் மச்சான்" என்றான். எனக்கு விளங்கவில்லை. "நாய்க்குத்தான் சோதினை. பாஸ் பண்ணினால் அதின்ரை பேருக்குப் பின்னால எழுத்துப் போடலாமாம். உதை ஆர் தொடங்கினது எண்டு உனக்குத் தெரியுமோ? நீ பேப்பர்காரன்தானே" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லப் பத்திரிகைக்காரனின் மானம் இடங்கொடுக்கவில்லை. தேடிப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். தேடியபோது கிடைத்த வரலாறு, நாய்களைப் பற்றியதைவிட மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தது.

கதை 1933 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் நகருக்கு வடக்கேயுள்ள மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் தொடங்குகின்றது. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தின் பிடியில் இருந்த காலம் அது. ஹெலன் வைட்ஹவுஸ் வோக்கர் என்ற செல்வந்தப் பெண்மணி பெரிய பூடில் நாய்களை வளர்த்து வந்தார். கரியோன் என்பது அவரது நாய்ப் பண்ணையின் பெயர். நாய்க் கண்காட்சிகளுக்கு அவற்றைக் கொண்டு சென்றபோதெல்லாம், அலங்காரமாக மயிர் கத்தரிக்கப்பட்ட பூடில்களைப் பார்த்து ஏனையோர் ஏளனம் செய்தனர். மடியில் வைத்துக் கொஞ்சவும் சிகை அலங்காரம் செய்யவும் மட்டுமே உதவும் ஆண்மையற்ற நாய் என்பதே அவர்களது எண்ணமாக இருந்தது.

உண்மையில் பூடில் ஒரு வேட்டை நாய். நீரில் அளைவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லடியாகப் பிறந்ததே அதன் பெயர். சுடப்பட்டு நீர்நிலைகளில் வீழும் வாத்துகளை நீந்திச் சென்று கவ்வி வருவது அதன் பரம்பரைத் தொழில். நாம் இன்று வேடிக்கையாகப் பார்க்கும் அந்தக் கத்தரிப்புக்கூட நீந்துவதற்கு இலகுவாக உடலின் பின்பாதியை மழித்து, குளிர் தாக்காதிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மயிரை விட்டதிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகின்றது. தொழில் மறைந்துபோக அலங்காரம் மட்டும் எஞ்சியது. மனிதச் சாதிகளிலும் இப்படி நடந்த கதைகள் உண்டு.

அக்காலக் கண்காட்சிகளில் நாய்க்குப் பரிசு கிடைப்பது அதன் தோற்றத்துக்காக மட்டுமே. நடுவர் தலையின் நீளத்தையும் வாலின் வளைவையும் பார்ப்பார், பல்லை எண்ணுவார், நடக்கச் சொல்வார். தலைக்குள்ளே என்ன இருக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. இந்த இடத்தில்தான் வோக்கர் அம்மையார் தமது நாய்களின் மானத்தைக் காக்க வழி கண்டார். அழகுப் போட்டியில் வாதாடிப் பயனில்லை. அறிவுப் போட்டி ஒன்றை வைத்தால் என்ன?

இந்த எண்ணம் அவருக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1920களிலேயே மந்தை, பொலிஸ், இராணுவ நாய்களுக்கான சங்கம் ஒன்று தொழிற்சோதனைகளை நடத்திவந்தது. அதற்கும் முன்னோடி ஜேர்மனி. 1899 இல் மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஜேர்மன் செப்பேர்ட் நாய்களுக்கான சங்கத்தை உருவாக்கினார். 1906 இல் சார்புறூக்கன் நகரப் பொலிஸில் பணியாற்றிய கொன்ராட் மோஸ்ட் பொலிஸ் நாய்களைப் பயிற்றத் தொடங்கினார். 1910 இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூல் பல தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு வேதமாயிற்று. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி ஆயிரக்கணக்கான நாய்களைக் களத்தில் இறக்க, பிரித்தானியாவும் 1917 இல் ரிச்சர்ட்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் போர் நாய்ப் பாடசாலை ஒன்றை அமைத்தது.

இன்று வீட்டு நாய்களுக்கு நடக்கும் சோதனை ஒன்றை நீங்கள் பார்க்க நேர்ந்தால், நடுவர் இடும் கட்டளைகளைக் கவனித்துக் கேளுங்கள். முன்னே செல், நில், இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு, பின்னே திரும்பு, மெதுவாக, விரைவாக. பாடசாலையில் கடேற் பயிற்சிக்குப் போன எவருக்கும் அந்த ஓசை பழக்கமானது. பிரஷ்யப் பொலிஸ் முற்றத்தின் சுவடு, செல்லப் பிராணிகளோடு பொழுதுபோக்கும் ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில் இன்னமும் அழியாமல் இருக்கின்றது.

தந்தையாரின் வளவில் வோக்கர் அம்மையார் நடத்திய அந்த முதற் சோதனைக்கு வந்தவை எட்டு நாய்கள். லப்ரடோர் இரண்டு, ஸ்பிரிங்கர் ஸ்பானியல் இரண்டு, பூடில் மூன்று, ஜேர்மன் செப்பேர்ட் ஒன்று. பார்க்க வந்தோர் நூற்றைம்பது பேரளவில். வார் பூட்டாமல் எசமானின் பக்கத்தில் நடத்தல், மரத்தாலான டம்பெல் ஒன்றைச் சமதரையிலும் தடை தாண்டியும் எடுத்து வருதல், ஒரு நிமிடம் அசையாமல் இருத்தல், எசமான் கண்ணுக்கு மறைவாகப் போனபின் ஐந்து நிமிடம் படுத்திருத்தல், அழைத்ததும் வருதல், நீளம் பாய்தல் என்பனவே சோதனைகள். எல்லா இனங்களுக்கும் பொதுவாக அமெரிக்காவில் நடந்த முதற் கீழ்ப்படிதற் சோதனை இதுதான் என்று வரலாறு குறித்து வைத்திருக்கின்றது.

அடுத்த ஆண்டு அம்மையார் இங்கிலாந்து சென்று அங்குள்ள முறைகளை நேரிற் கண்டார். அதே 1934 இல் நாய்ப் பண்ணைக்கு உதவியாள் தேவை என்று விளம்பரம் செய்தார். விண்ணப்பித்தவர் பிளான்ஷ் சோண்டர்ஸ் என்ற பெண். மெயின் மாநிலத்தில் மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்து, விவசாயப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர். வோக்கர் அம்மையார் தேடிச் சென்றபோது இவர் உழவு இயந்திரத்தின் மேலிருந்தார் என்பது பலராலும் விரும்பிச் சொல்லப்படும் செய்தி. ஒருவர் வளவும் பணமும் உள்ளவர். மற்றவர் மண்ணில் உழைத்தவர். அந்த இருவரின் கூட்டு இல்லையென்றால் மவுண்ட் கிஸ்கோவின் சோதனை ஒரு பணக்கார வீட்டு விருந்தின் கேளிக்கையாகவே முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1935 டிசம்பரில் வோக்கர் அம்மையார் சோதனை விதிகளை எழுதி அமெரிக்கக் கென்னல் கழகத்திடம் சமர்ப்பித்தார். 1884 இல் நிறுவப்பட்ட அக்கழகம் நாய் இனங்களின் பதிவேட்டைக் காக்கும் அமைப்பு. கண்காட்சிகளை நடத்த அனுமதிப்பதும் அதுவே. 1936 மார்ச்சில் கழகம் விதிகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு யூன் மாதம் உத்தியோகபூர்வச் சோதனைகள் தொடங்கின. விளையாட்டு வரலாற்றில் ஒரு தனிமனிதரின் கைப்பிரதி இவ்வளவு விரைவாகச் சட்டமானது அபூர்வம்.

பட்டங்கள் மூன்று படிகளாக வகுக்கப்பட்டன. முதலாவது துணை நாய்ப் பட்டம். அடுத்தது சிறந்த துணை நாய்ப் பட்டம். மூன்றாவது பயன்பாட்டு நாய்ப் பட்டம். பட்டம் பெற்ற நாயின் பெயருக்குப் பின்னால் அதன் எழுத்துகளைப் போடலாம். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் நாலு வருடம் மாரடித்து எம்மவர் பெறுவது இரண்டு எழுத்து; ஒரு நல்ல பூடில் இரண்டு வருடத்தில் அதைவிடக் கூடுதலாகப் பெற்றுவிடும்.

புள்ளி இடும் முறை கண்டிப்பானது. இன்றைய நடைமுறையில் மொத்தம் 200 புள்ளிகள். சித்தியடைய 170 வேண்டும். அத்தோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஒரு முறை சித்தியடைந்தாற் போதாது, மூன்று முறை அடைய வேண்டும். நாய் சற்றுக் கோணலாக இருந்தால் அரைப் புள்ளி போய்விடும். எசமான் இரண்டாந்தரம் கட்டளையிட்டால் போய்விடும். இடப்பக்கம் நடக்கும் நாயின் தோள் எசமானின் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் குறைதான். மூன்றாம் படியில், ஒரே மாதிரியான பல பொருள்களிலிருந்து எசமானின் கை பட்ட ஒன்றை மோப்பத்தால் மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். சத்தமின்றிக் கைச் சைகையால் மட்டும் நாயை நிறுத்தவும் இருத்தவும் அழைக்கவும் வேண்டும்.

விதிகள் வந்துவிட்டன. அவற்றை யார் அறிவார்? 1937 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு பெண்களும் ஒரு பியூக் காரின் பின்னால் 21 அடி நீளமான வீட்டு வண்டியைக் கொழுவிக்கொண்டு, மூன்று பூடில்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். நியூயோர்க்கிலிருந்து டெக்சாஸ் ஊடாகக் கலிபோர்னியா வரை சென்று திரும்பிய அந்தப் பயணம் ஏறத்தாழப் பத்தாயிரம் மைல், பத்து வாரம். வழியில் எங்கெல்லாம் நாய்க் கண்காட்சி நடந்ததோ அங்கெல்லாம் இறங்கிச் செய்து காட்டினார்கள். இரு பெண்கள் தனியாக நாட்டைக் குறுக்கறுத்துச் செல்வதே அக்காலத்தில் பேச்சுக்குரிய விடயம். அலங்காரப் பூடில்கள் கட்டளை கேட்டுத் தடை தாண்டுவதைக் கண்ட கூட்டத்தினர், பூடிலாலே முடியுமென்றால் எங்கள் வீட்டு நாயால் முடியாதா என்று எண்ணத் தொடங்கினார்கள். வோக்கர் அம்மையார் எதிர்பார்த்த விளைவு இதுவல்ல. அவர் காட்ட விரும்பியது பூடிலின் உயர்வை. மக்கள் கண்டுகொண்டதோ தத்தம் நாயின் சாத்தியத்தை.

அந்த எண்ணத்துக்குத் தரை ஏற்கெனவே பண்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1918 இல் பிரான்ஸ் போர்க்களத்திலிருந்து அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் மீட்டுச் சென்ற ரின் டின் டின் என்ற நாய், மௌனப் படங்களின் பெரு நட்சத்திரமாகி 1932 இல் இறந்திருந்தது. எந்த வீட்டுக்காரரும் தமது நாயைத் திரையிற் கண்ட நாயோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்ட காலம் அது.

அதன் பிறகு சோண்டர்ஸின் காலம். யாங்கி விளையாட்டரங்கில் பேஸ்போல் பார்க்க வந்த பெருங்கூட்டத்தின் முன்னும் ரொக்பெல்லர் சதுக்கத்திலும் அவர் நாய்களோடு செய்து காட்டினார். நியூயோர்க்கில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் பயிற்சி வகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1946 இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே அவரது கொள்கையைச் சொல்லிவிடும்: நாயைப் பயிற்ற முதலில் உங்களைப் பயிற்றுகிறேன் என்பது அதன் கருத்து. 1964 இல் அவர் மறைந்தபோது, வீட்டு நாய்க்கு வாராந்த வகுப்பு என்பது அமெரிக்கச் சிறு நகரங்களிலும் சாதாரண விடயமாகிவிட்டிருந்தது.

இடையில் போர் வந்தது. 1942 ஜனவரியில், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட சில வாரங்களில், ஆர்லின் ஏர்லாங்கர் என்பவரும் அவரது தோழர்களும் வீட்டு நாய்களை இராணுவத்துக்குத் திரட்டும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். ஏர்லாங்கர் அம்மையாரும் பூடில் வளர்ப்பவரே. கீழ்ப்படிதற் சோதனைகளைச் சுற்றி வளர்ந்திருந்த பயிற்சியாளர்கள் இதிற் கைகொடுத்தனர். பிள்ளைகள் கண்ணீரோடு கொண்டுவந்து ஒப்படைத்த வீட்டு நாய்களில் ஏறக்குறையப் பத்தாயிரம் படைச் சேவைக்குப் பயிற்றப்பட்டன. பொலிஸ் முற்றத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்த கலை பத்தே ஆண்டுகளுக்குள் மறுபடி படைமுகாமுக்குப் போனது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கையோங்கியது கடும் முறை. படையில் நாய் பயிற்றிய பலர் வீடு திரும்பி வகுப்புகளைத் தொடங்கினர். அவர்களிற் புகழ் பெற்றவர் வில்லியம் கேலர். டிஸ்னி நிறுவனத்தின் திரைப்பட நாய்களைப் பயிற்றியவர். 1962 இல் வெளிவந்த அவரது நூல் பெருவாரியாக விற்றது. கழுத்தை இறுக்கும் சங்கிலி, நீண்ட கயிறு, தவறியவுடன் தண்டனை என்பது முறை. தோட்டத்தைத் தோண்டும் நாய்க்கு அது தோண்டிய குழியிலேயே நீர் நிரப்பி, அதன் தலையை அமுக்கும் பாடம்கூட அந்நூலில் உண்டு. அவரது முறையில் ஆயிரக்கணக்கான நாய்கள் பட்டம் பெற்றன என்பதை மறுக்க முடியாது. பிரம்படியாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் சித்தியடைந்தார்கள்.

மாற்று முறை வேறொரு திசையிலிருந்து, நாய்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத கடலிலிருந்து வந்தது. உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான பிறீலண்ட் தம்பதியர், தண்டனையின்றி வெகுமதியால் மட்டும் விலங்குகளைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றை 1940களில் நடத்தினர். அந்த வழியில் 1963 இல் ஹவாய்த் தீவின் கடற்பூங்கா ஒன்றில் டொல்பின்களைப் பயிற்றத் தொடங்கினார் கரன் பிறையர். டொல்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த கணத்தில் ஒரு விசில், அதன்பின் ஒரு மீன். அவ்வளவுதான். 1984 இல் அவர் எழுதிய நூல் நாய் வளர்ப்போரின் கைக்கு எட்டியபோது, விசிலின் இடத்தில் டிக் என ஒலிக்கும் சிறு கருவியும் மீனின் இடத்தில் இறைச்சித் துண்டும் வந்தன. 1990களில் நாய்ப் பயிற்சி உலகம் இரண்டாகப் பிளந்தது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

கீழ்ப்படிதல் என்ற சொல்லே எனக்கு உவப்பானதல்ல. எங்கள் தலைமுறை எத்தனையோ சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, முன்னே போ, நில், திரும்பு என்ற கட்டளைகளைக் கேட்டது. ஆகவே இந்த வரலாற்றைப் படித்தபோது ஒரு பயிற்சியில் என் மனம் நின்றுவிட்டது. இரண்டாம் படியில், நாய்களை வரிசையாக இருத்திவிட்டு எசமானர்கள் அனைவரும் மைதானத்தை விட்டு வெளியேறி, நாய்களின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று நிமிடம் இருக்க வேண்டும்; பின்னர் ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். எசமான் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையைத் தவிர நாயிடம் வேறொன்றும் இல்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. எங்கள் வீட்டு ஜிம்மி படலை வரை வந்தது. கூட்டத்துக்குள் மிதிபட்டுவிடும் என்று அப்பா அதைத் திருப்பினார். "இரு, வாறம்" என்றார். அதற்கு எந்தச் சோதனையும் எவரும் வைத்ததில்லை. ஆனால் அப்பா சொன்னால் இருக்கும். இருந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எமக்கு விடியும்வரை சென்றது. அடுத்த ஆண்டு நாம் திரும்பி வந்தபோது வீடு இருந்தது.

அந்தப் பயிற்சியை 2018 மே மாதத்துடன் அமெரிக்கக் கழகம் கைவிட்டது. வரிசையில் எசமானர் இல்லாமல் இருக்கும் நாய்களை வேறொரு நாய் பாய்ந்து கடித்துவிடும் ஆபத்து இருக்கின்றது என்பதே காரணம். எண்பது ஆண்டு மரபு போய்விட்டதே என்று பழைய போட்டியாளர் பலர் வருந்தினர். எனக்கு வருத்தம் இல்லை.

இனி நண்பனின் மகள் பங்குபற்றும் ராலி என்ற போட்டிக்கு வருவோம். 1980களின் இறுதியில் கீழ்ப்படிதற் சோதனைகளின் மீது ஒரு சலிப்புப் பரவத் தொடங்கியிருந்தது. அரைப் புள்ளிக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கு எல்லோரிடமும் பொறுமை இல்லை. சுறுசுறுப்பு ஓட்டம் என்று சொல்லத்தக்க அஜிலிட்டி என்ற புதிய விளையாட்டு, 1978 இல் இங்கிலாந்தின் குறுப்ஸ் கண்காட்சியில் இடைவேளைக் கேளிக்கையாகப் பிறந்து, அமெரிக்காவையும் தொற்றிக்கொண்டது. நாய்கள் குரைத்துக்கொண்டு தடைகளைத் தாண்ட, பார்ப்போர் கைதட்டினர். பக்கத்து மைதானத்தில் கீழ்ப்படிதற் சோதனை செத்த வீடுபோல் அமைதியாக நடந்தது. 1989 இல் கென்னல் கழகம் நற்பிரசை நாய் என்ற எளிய சான்றிதழ் ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஆனால் அதற்கும் முறையான சோதனைக்கும் இடையில் பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போட்டவர் சார்ள்ஸ் கிறேமர். பட் கிறேமர் என்றே அறியப்பட்டவர். கன்சாஸ் மாநிலத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் அஜிலிட்டியைப் பரப்பியவர்களிலும் ஒருவர். கார் ராலிகளில் சாரதி வழியிலுள்ள குறிப்புகளைப் பார்த்துத் தன்போக்கில் ஓட்டுவதுபோல, நாயையும் ஏன் கொண்டு செல்லக்கூடாது என்று சிந்தித்தார். நடுவர் கட்டளையிட வேண்டியதில்லை. இலக்கமிட்ட அறிவிப்புப் பலகைகளை மைதானத்தில் நிறுத்திவிட்டால், எசமானும் நாயும் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைப் பார்த்துச் செய்துகொண்டு போகலாம். இங்கே நின்று நாயை இருத்து. இங்கே முக்காற் சுற்றுத் திரும்பு. இங்கே கூம்புகளுக்கிடையில் வளைந்து நட.

2005 ஜனவரி முதலாம் திகதி அமெரிக்கக் கழகம் ராலியைப் பட்டம் வழங்கும் போட்டியாக ஏற்றுக்கொண்டது. தொடக்க நிலையில் வாரோடு 10 முதல் 15 பலகைகள். மேல் நிலைகளில் வாரின்றி, இன்னும் கூடுதலாக. மொத்தம் 100 புள்ளி, சித்திக்கு 70. போட்டிக்கு முன் எசமானர்கள் நாயில்லாமல் மைதானத்துக்குள் நடந்து பாதையைப் பாடமாக்கிக்கொள்ளலாம். நேரமும் குறிக்கப்படும், ஆனால் புள்ளிகள் சமனானால் மட்டுமே அது பார்க்கப்படும்.

ராலியின் பெரிய மாற்றம் பலகைகள் அல்ல. எசமான் நாயோடு பேசலாம் என்பதே அது. பழைய சோதனையில் ஒரு கட்டளைக்கு மேல் ஒரு சொல் கூடினாலும் குற்றம். ராலியில் "வா செல்லம், நல்ல பிள்ளை" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போகலாம். தொடையில் தட்டி உற்சாகப்படுத்தலாம். புள்ளி குறையாது. எழுபது ஆண்டுகளாக மௌனமாக நடந்த மைதானத்தில் மனிதக் குரல் கேட்கத் தொடங்கியது. மூட்டு நோவுள்ள முதியோரும் பயந்த சுபாவமுள்ள நாய்களும் வந்து சேர்ந்தனர். இது கீழ்ப்படிதலை நீர்த்துப்போகச் செய்யும் விளையாட்டு என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். பின்னர் அவர்களிற் பலர் தாமே பலகைகளைப் படிக்கத் தொடங்கினார்கள். 2020 இல் பெருந்தொற்றினால் எல்லாம் மூடப்பட்டபோது, வீட்டு முற்றத்தில் செய்து காணொளியாக அனுப்பியும் ராலிப் பட்டம் பெறும் வழியைக் கழகம் ஏற்படுத்தியது.

வோக்கர் அம்மையார் தொடாது விட்ட விடயம் ஒன்றுண்டு. அவரது சோதனை எல்லா இனங்களுக்கும் பொதுவானது என்று பெருமையோடு சொல்லப்பட்டது. ஆனால் இனமாக இருக்க வேண்டும். பதிவேட்டில் தாய் தந்தை பெயர் இல்லாத நாய் எவ்வளவு கெட்டித்தனம் உடையதாயினும் கென்னல் கழகத்தின் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. தோற்றத்தைப் பார்க்காதே, அறிவைப் பார் என்று தொடங்கிய இயக்கம், பிறப்பைப் பார்க்காதே என்று சொல்ல மறந்துவிட்டது. கலப்பு நாய்களின் சொந்தக்காரர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்துத் தனிப் பட்டம் வழங்கிக்கொண்டனர். ஒரே மைதானம், ஒரே விதி, ஒரே கட்டளை. பட்டம் மட்டும் வேறு. எமது வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதிலே எமக்கும் ஒரு பங்குண்டு என்பதைக் கூச்சத்தோடு எழுதவேண்டியிருக்கின்றது. இனமற்ற ஊர் நாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பறைய நாய் என்பது. 1886 இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் அது தனிப் பதிவாகவே இருக்கின்றது. பறையடிக்கும் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவர் அனைவருக்கும் பொதுப் பெயராக்கி, தெரு நாய்க்கும் சூட்டினார்கள். வெள்ளைக்காரன் செய்தான் என்று பழியை அவன்மீது போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. அந்த மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாங்கள். அவன் எங்களிடமிருந்து கேட்டுப் படித்ததைத்தான் எழுதி வைத்தான். தமிழிலிருந்து உலக மொழிகளுக்குப் போன சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமைப்படும் கட்டுரைகள் பலவற்றை நான் பத்திரிகையில் பிரசுரித்திருக்கிறேன். கட்டுமரமும் மிளகுதண்ணியும் தவறாமல் இருக்கும். இந்தச் சொல் வரும் இடத்தில் எழுதியவர்கள் மெல்லக் கடந்து போவார்கள். இந்தியாவில் அந்த நாய்களை நேசிப்போர் இப்போது அப்பெயரைத் தவிர்த்து இன்டொக் என்று அழைக்கின்றனர்.

2010 ஏப்ரல் முதலாம் திகதி அமெரிக்கக் கென்னல் கழகம் கதவைத் திறந்தது. கலப்பு நாய்கள் தனிப் பதிவு ஒன்றின் கீழ் கீழ்ப்படிதல், ராலி, அஜிலிட்டி ஆகியவற்றில் பங்குபற்றலாம் என்று விதி செய்தது. மவுண்ட் கிஸ்கோவின் எட்டு நாய்களுக்கும் இந்த விதிக்கும் இடையில் 76 ஆண்டுகள். 1877 இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி 2016 இல் முதன்முறையாகக் கீழ்ப்படிதற் போட்டி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு சென்ற கிழமை நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சோதனை முடிந்துவிட்டதாம். ஒரு பலகையில் இடப்புறம் திரும்பவேண்டிய இடத்தில் மகள் வலப்புறம் திரும்பிவிட்டாளாம். நாய் சரியாகத்தான் நின்றதாம். புள்ளி 84. சித்தி. இன்னும் இரண்டு முறை எடுத்தால் பட்டம். நாய் எந்த இனம் என்று கேட்டேன். கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்திலிருந்து எடுத்ததாம். தாய் தகப்பன் தெரியாது.

"அப்ப விண்ணப்பத்திலை இனம் எண்ட இடத்திலை என்ன போட்டது?" என்றேன்.

"அதுக்கு அவங்கள் ஒரு பேர் வைச்சிருக்கிறாங்கள் மச்சான். 'முழு அமெரிக்க நாய்' எண்டு. வந்து ரெண்டு வருஷத்திலை நாய் முழு அமெரிக்கனாகிவிட்டுது. எனக்கு இன்னும் கிரீன் கார்ட்தான்."